கொடிக்கால்பட்டிக்கு மேல் நின்ற இறக்கை

காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு, ஐம்பத்து மூன்று அறைகளில் இருபத்திரண்டு காற்றிழந்து, பவுன்ராஜின் இறக்கை வலப்பக்கமாக மடிந்தது. அன்று 2023-ம் ஆண்டு ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை, காணும் பொங்கல். ஊசிக்கரட்டுக் குன்றின் உச்சியிலிருந்து கிளம்பிப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைப் பந்தலாகவும் தென்னையாகவும் விரிந்து கிடந்தது. அவருக்கு முன்னிருக்கையில் வாரால் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்த ஜெயக்கொடி, பக்கத்து ஊர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை பார்ப்பவள், இருபத்தெட்டு வயது, பொங்கல் விடுமுறைக்கு ஒரு நாள் பறந்துவிட்டு வரலாம் என்று வந்தவள், செல்பிக் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

இறக்கை மடிவது அந்தத் தொழிலில் அதிசயம் இல்லை. பாராகிளைடர் என்பது துணியும் நூலும்தான். அறைகளுக்குள் காற்று இருக்கும்வரை அது இறக்கை, காற்று போனால் கொடியில் காயப்போட்ட போர்வை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பவுன்ராஜ் பதினான்கு வருடமாக, வெயிலில் நிற்கவைத்து, ஒரே வார்த்தைகளில் சொல்லிக்கொடுத்து வந்தார். "மடிஞ்ச பக்கத்தைப் பாக்காத. தொறந்திருக்கிற பக்கம் உடம்பச் சாய். முதல்ல தெசையக் காப்பாத்து. அப்புறம் மடிஞ்ச பக்கத்த ஒரு இழுப்பு இழுத்து விட்டுரு, தானா விரியும். ஒண்ணுமே புரியலைன்னா கையை மேல விடு. றெக்கைக்குப் பறக்கத் தெரியும், ஒனக்குத்தான் தெரியாது. உயரம் கம்மியா இருந்தா யோசிக்காத, அவசரப் பாராசூட்ட வீசு." அவருடைய கொட்டகைச் சுவரில் நீலப் பெயிண்டில் இரண்டே சொல் எழுதியிருந்தது: கை மேலே.

இரண்டாயிரத்து நூறு தடவை பறந்த அந்த மனிதர், பத்து நாற்பதுக்கு, தன் இரண்டு கைகளையும் காதோரத்திலிருந்து இடுப்புவரை இழுத்து, இழுத்தபடியே பிடித்துக்கொண்டார். கையிலிருக்கும் இரண்டு பிரேக் நூலையும் அவ்வளவு ஆழமாக இழுத்தால் நன்றாக இருக்கும் பக்கமும் பறப்பதை நிறுத்திவிடும் என்பது நேற்று வந்த மாணவனுக்கும் தெரியும். பவுன்ராஜுக்கும் தெரியும். தெரிந்த தலை வேறு எங்கோ இருந்தது, கை தனியாக இருந்தது. அவசரப் பாராசூட்டின் சிவப்புப் பிடி அவர் வலது தொடையருகில் கடைசிவரை அசையாமல் இருந்தது.

இறக்கை பின்னால் சாய்ந்து, தொட்டில் ஆடுவதுபோல் இரண்டு தடவை ஆடி, கல்லாகக் கீழே வந்து, தரைக்கு அறுபது அடி உயரத்தில் நின்றது. நின்றதென்றால் நின்றது; மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அதில் தொங்கிய இரண்டு பேரையும், கழுத்து மாலையைக் கழற்றி வைப்பதுபோல், பூட்டிய கொக்கிகள் பூட்டியபடியே இருக்கக் கழற்றி விட்டது. இறக்கைக்கு முப்பது அடி கீழே தொங்கிய அவர்கள் மீதி முப்பது அடி விழுந்து குருவையாவின் பன்னீர்த் திராட்சைப் பந்தலில், கம்பி அறுந்து, கொடி அறுந்து, தரைக்கு வந்தார்கள். முன்னிருக்கையில் இருந்ததால் ஜெயக்கொடி முதலில் விழுந்தாள். பவுன்ராஜ் அவள் மேல் விழுந்தார். அவளுக்கு இடுப்பெலும்பிலும் இடது கணுக்காலிலும் முறிவு. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு.

ஆம்புலன்சில் அவளோடு போய், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, முழங்கையில் மருந்து தடவிக்கொண்டு சாயந்தரம் ஐந்தரைக்கு அவர் திரும்பியபோது, கொடிக்கால்பட்டி காசிமாயன் டீக்கடை பெஞ்சில் பைலட்டுகள் எல்லாரும் காத்திருந்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு யாருடைய இறக்கையாவது காற்றில் மடிந்திருந்தால், அவர் முதல் கிளாஸ் டீ முடிவதற்குள் எழுந்து நின்று மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எந்தப் பக்கம், எவ்வளவு, கை என்ன செய்தது. கேட்பவர்கள் சிரிக்கக்கூடாது, திட்டக்கூடாது. சொன்னவருக்கு இரண்டாவது டீயில் சர்க்கரை கூட. இதற்கு மடிப்புச் சொல்வது என்று பெயர். ஒருவன் தப்பை ஒன்பது பேர் கேட்டால் ஒன்பது பேர் பிழைப்பார்கள் என்று இந்த வழக்கத்தை உண்டாக்கியவரே பவுன்ராஜ்தான். சொல்லாமல் வீட்டுக்குப் போன ஒருவருடைய மழைக்குடை ஒரு வாரம் விரியவே இல்லை, எட்டாம் நாள் வந்து சொன்ன பிறகுதான் விரிந்தது என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பவுன்ராஜ் எழுந்து நின்றார். "வலப்பக்கம்" என்றார். "நூத்துக்கு நாப்பது" என்றார். பிறகு டீயை ஒரு வாய் குடித்தார்.

"கை?" என்று கேட்டான் ஷாஜி. கேரளத்து வாகமனிலிருந்து வந்து ஆறு வருடமாக அங்கே பறக்கிற பைலட் அவன்.

"அந்தப் பொண்ணு பயந்துபோயி எங்கையப் புடிச்சு இழுத்துருச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் திட்டவில்லை. காசிமாயன் இரண்டாவது டீயில் சர்க்கரை கூடப் போட்டார். ஷாஜி மட்டும் கிளாஸை வைத்துவிட்டு, தெருவுக்கு வந்து, தலையைத் தூக்கி, பந்தலுக்கு மேல் நின்ற இறக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

இறக்கை அந்த நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வலப்பக்கம் இருபத்திரண்டு அறைகள் தொங்க, இடப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் உப்பியிருக்க, இருக்கைகள் இரண்டும் ஆளில்லாமல் தொங்க, அவற்றுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறப் பிரேக் பிடிகள் இரண்டும், கண்ணுக்குத் தெரியாத யாரோ பிடித்திழுப்பதுபோல், இருக்கைக்குக் கீழே வரை இழுபட்டு, நூல் வீணைத் தந்தியாக விறைத்து நின்றது. இரண்டு பிடியும் ஒரே அளவு. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். பார்க்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் பவுன்ராஜிடம் கற்றுக்கொண்டவர்கள், அல்லது அவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர்கள்.

மூன்றாம் நாள் தீயணைப்பு வண்டி வந்தது. ஏணி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு இறக்கையும் உயர்ந்தது. ஏணி இறங்கியதும் பழைய இடத்துக்கு வந்து நின்றுகொண்டது. வந்தவர்கள் நான்கு தடவை பார்த்துவிட்டு, பொருள் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். கிராம நிர்வாக அலுவலர், குருவையாவின் நிலத்துக்கான அடங்கல் பயிர்ப் பதிவேட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் நிழல் என்று ஒரு சொல் எழுதினார், பயிருக்கும் தரிசுக்கும் நடுவில் அதை எதில் சேர்ப்பது என்று தெரியாமல். அத்தோடு அரசாங்கத்தின் வேலை முடிந்தது.

ஊரின் வேலை அப்புறம்தான் ஆரம்பித்தது. பாதி மடிந்தது போகவும் அந்த இறக்கை ஒரு சின்ன வீட்டுக் கல்யாணப் பந்தல் அளவு நிழல் தந்தது, அந்த நிழல் காலை பத்து மணியிலிருந்து பதினொன்றுவரை மேற்கே சாய்ந்து சரியாகப் பஸ் நிறுத்தத்தின் மேல் விழுந்தது, அதுவரை வெயிலில் நின்று பழகியவர்கள் நிழலில் நின்று பழக ஒரு வாரம்கூட ஆகவில்லை. கண்டக்டர்கள் 'றெக்கை ஸ்டாப் எறங்கு' என்று கத்தத் தொடங்கினார்கள், ரேஷன் கடை வரிசை இருபதடி தள்ளிப் போடப்பட்டது, புதுமாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு வந்து அதன் கீழ் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், திறந்திருந்த அறைகளில் சிட்டுக்குருவிகள் கூடு கட்டின. கோடை மழை பெய்தால் அறைகளில் தேங்கிய தண்ணீர் இரண்டு நாள் ஒரே இடத்தில் சொட்டியது, பெண்கள் குடம் வைத்துப் பிடித்தார்கள், பருப்பு அதில் சீக்கிரம் வேகிறது என்றார்கள். நிழலடியில் காய்த்த குருவையாவின் திராட்சை கறுக்காமல் பச்சையாகவே பழுத்தது, கறுத்ததைவிட இனித்தது, வியாபாரிகள் தேடி வந்து கேட்டார்கள். முதல் மாதம் இறக்கையைத் திட்டிய குருவையா, இரண்டாம் மாதம் முதல் அதைப் பற்றிப் பேசும்போது 'நம்மது' என்றார்.

பார்க்க வந்தவர்களுக்குக் கதை சொல்ல ஆள் வேண்டியிருந்தது. ஆட்டோ ஓட்டும் பிச்சைமணி சொன்னார். "பாருங்க சார், அந்த மஞ்சப் புடி. ஜெயக்கொடின்னு ஒரு பொண்ணு. மேல போயி பயந்துருச்சு. மாஸ்டரு கையப் புடிச்சு இழுத்துருச்சு. அம்புட்டுதான். அவரு இல்லேன்னா அன்னைக்கே ரெண்டு உசுரும் போயிருக்கும்." சொல்லச் சொல்லக் கதையில் அவள் அலறினாள், அம்மாவைக் கூப்பிட்டாள், அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சித்திரையில் பஞ்சாயத்து பஸ் நிறுத்தத்தில் ஒரு தகரப் பலகை அடித்து வைத்தது. அதிலும் அவள் பெயர் இருந்தது.

பெயர் பலகையோடு நிற்கவில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்த மனைவி வளைவில் தோளை இறுக்கினால், "ஏய், ஜெயக்கொடி பண்ணாத" என்றான் கணவன். கபடியில் அவசரப்பட்டுப் பாய்ந்தவளை, பரீட்சையில் எழுதியதை அடித்தவளை, தோசையைக் கல்லில் வேகும் முன்னால் திருப்பியவளை, எல்லாரையும் ஊர் அதையே சொன்னது. பெண்களும் சொன்னார்கள். காசிமாயன் டீக்கடையில் ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவையாவது அந்தச் சொல் விழும். ஒவ்வொரு தடவையும் பவுன்ராஜ் கிளாஸைப் பார்த்துக் குனிவார். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவரை அந்த நாட்களில் தின்றது பொய்கூட இல்லை. விழுந்த ஏழாம் நாள், ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். இடுப்பில் கம்பி வைத்துப் படுத்திருந்த ஜெயக்கொடி, அவரைப் பார்த்ததும் எழ முயன்று, முடியாமல், கையைக் கூப்பினாள்.

"அண்ணே, என்னைய மன்னிச்சிருங்கண்ணே. எனக்கு எதுவுமே ஞாபகமில்ல. சிரிச்சுக்கிட்டு இருந்தது ஞாபகமிருக்கு, அப்புறம் திராட்சை வாசம் ஞாபகமிருக்கு. நடுவுல ஒண்ணும் இல்ல. ஆனா எல்லாரும் சொல்றாங்க. உங்க பொழப்பையே கெடுத்துட்டேன்."

"பரவாயில்லம்மா" என்றார் பவுன்ராஜ்.

அந்த ஒரு சொல். பெஞ்சில் சொன்ன பொய்யையாவது பயத்தின் கணக்கில் வைக்கலாம். இது நிதானமாக, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஆப்பிளை மேசைமேல் வைத்துவிட்டு, செய்யாத தப்புக்கு அவளை அவர் மன்னித்தது. வீட்டில் குளிக்கும்போது, சாப்பிடும்போது, சட்டைப் பொத்தானைப் போடும்போது, அந்தப் பரவாயில்லம்மா வாய்க்குள் வந்து நிற்கும். அவர் வாயைக் கொப்பளித்துத் துப்புவார்.

ஆனாலும் வேலைக்குப் போனார். புது மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். அவர்கள் தலை தானாக இறக்கையின் பக்கம் திரும்பும்போது, இவர் கிழக்கே கையைக் காட்டி மேகத்தைப் பற்றிப் பேசினார். பொய் ஒரு விதியையும் பெற்றுப் போட்டது. இனிமேல் பயணிகளின் மணிக்கட்டை ஒரு மஞ்சள் பட்டையால் முன்வாரோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்று பைலட்டுகள் கூடி முடிவெடுத்தார்கள், தீர்மானத்தின் கீழே முதல் கையெழுத்து பவுன்ராஜுடையது. கட்டும்போது பயணிகள் கேட்பார்கள். "ஒரு பொண்ணு…" என்று ஆரம்பித்து பைலட்டுகள் சொல்வார்கள். ஷாஜி மட்டும் பட்டையைத் தளர்வாகக் கட்டிவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டான்.

ஆடியில் அந்தப் பள்ளத்தாக்கில் தென்னையை வளைக்கிற காற்று அடிக்கும். வாழை படுத்துவிடும், தகரம் பறக்கும். அந்த இறக்கை ஓரம்கூட அசையவில்லை. நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் நாள், ஆடிப் பதினெட்டு, பத்தரைப் பஸ்ஸிலிருந்து ஊன்றுகோலோடு ஒரு பெண் இறங்கினாள். அவள் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. கதையில் இருந்தவள் இதைவிடக் குட்டையாக, இதைவிடச் சத்தமாக இருந்தாள். அவள் பிச்சைமணி ஒரு குடும்பத்துக்குக் கதை சொல்வதை முழுசாகக் கேட்டாள். பலகையைப் படித்தாள். பிறகு நிழலில் நின்று இறக்கையை அண்ணாந்து பார்த்தாள், நரம்பு தேடுகிற பார்வை, அவசரமில்லாமல், ஒரு நூலைப் பிடித்து மேலே போய் இன்னொரு நூலில் கீழே வந்து, இரண்டு மஞ்சள் பிடியிலும் மாறி மாறி நின்றது.

அதன் பிறகு இறங்கு மைதானத்துக்கு நடந்து வந்தாள். பவுன்ராஜ் காற்றுக்கொடியைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

திரும்பினார். கயிறு கையில் இருந்தது.

"வேலைக்குப் போனேண்ணே, போன மாசம். முதல் நாளே ஒரு அம்மா கைக்கொழந்தையத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. பேரக் கேட்டுச்சு. சொன்னேன். கொழந்தையத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. 'கை பதறுற பிள்ளையா, வேற ஆளு இருந்தாச் சொல்லுங்க'ன்னுச்சு. இப்ப நான் ரசீதுதான் எழுதுறேன். எட்டு வருசமா குத்துன கை."

பவுன்ராஜ் அவளுடைய கையைப் பார்த்தார்.

"நான் ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரில என் விரலப் பிரிச்சுத்தான் அந்தச் செல்பிக் குச்சிய எடுத்தாங்களாம். நர்ஸக்கா இப்பத்தான் சொல்லுச்சு. ரெண்டு கையிலயும் இருந்துச்சாம். போன் நொறுங்கிப்போச்சு, குச்சி ஏங்கையிலயே இருந்திருக்கு." அவள் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தாள். "அங்க ரெண்டு பக்கமும் சமமா இழுத்திருக்கு. நான் எந்தக் கையால உங்க கையப் புடிச்சேண்ணே?"

காற்றுக்கொடி அவிழ்ந்து கம்பத்தைச் சுற்றிக்கொண்டது.

"நீ புடிக்கலம்மா" என்றார். "நாந்தான் இழுத்தேன். ரெண்டு கையும் என்னுது."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் அவரை, ரத்தம் எடுத்த குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அன்னைக்குப் பரவாயில்லன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஆப்பிள் வேற வாங்கிட்டு வந்தீங்க." பஸ் வரும் பக்கம் திரும்பினாள். "எங்கிட்டச் சொல்லி ஒண்ணுமில்லண்ணே. எங்க சொன்னீங்களோ அங்க போயிச் சொல்லுங்க." பதினொன்றேகால் பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள்.

அன்று சாயந்தரமே அவர் பெஞ்சில் எழுந்து நின்றார். மடிப்பு எதுவும் நடக்காத நாள் என்பதால் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஜனவரி பதினேழு" என்றார். "வலப்பக்கம். நூத்துக்கு நாப்பது. கையி… ரெண்டு கையையும் நானே இடுப்பு வரைக்கும் இழுத்தேன். பாராசூட்ட வீசல. அந்தப் புள்ள என்னையத் தொடவே இல்ல. அன்னைக்குச் சொன்னது பொய்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பிறகு காசிமாயனின் கண் கலங்கியது.

"மாஸ்டருன்னா இதாய்யா மாஸ்டரு" என்றார் அவர். "ஒரு பொம்பளப்புள்ள பேரு கெடக்கூடாதுன்னு பழியத் தூக்கித் தந்தலையில போட்டுக்கிறாரு பாரு. யாருக்குய்யா வரும் இந்த மனசு?"

"இல்ல மாயா, நெசமாத்தான்…"

"நீங்க சொல்லுவீங்க. எங்களுக்குத் தெரியாதா உங்கள? ரெண்டாயிரம் தடவ பறந்த கை, பச்சப்புள்ள மாதிரி இழுக்குமாக்கும்?"

ஷாஜி எழுந்தான். "மாஸ்டர் சொல்றது நெஜம். நான் அன்னிக்கே பார்த்தேன். ரெண்டு பிரேக்கும் ஒரே அளவு. பேசாம இருந்தது என் தப்பு."

"நீ சும்மா இருப்பா" என்றார் குருவையா, அவனைப் பார்க்காமலே. அவருக்கு வேறு கவலை. "மாஸ்டரே, தெரியாமத்தான் கேக்குறேன். நீங்க பாட்டுக்கு எதையாச்சும் சொல்லி, குடை விரிஞ்ச மாதிரி அது விரிஞ்சு போயிட்டா, பஸ் ஸ்டாப்புல நிக்கிற சனம் என்ன பண்ணும்? ஏந்திராட்சை என்ன பண்ணும்? ஊரு விசயத்த ஊரக் கேட்டுல்ல பேசணும்."

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் யாரோ ஒரு சால்வையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பவுன்ராஜ் அதை எடுத்து விரித்துப் பார்த்தார். பொய் சொன்னபோது மாஸ்டராக இருந்தவர், உண்மையைச் சொன்னதும் மகானாகிவிட்டார். அவமானத்துக்கு இப்படியும் ஒரு அடுக்கு இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. சால்வையை மடித்துப் பீரோவுக்கு மேலே போட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

பத்து நாற்பதுக்கு, நிழல் நிறுத்தத்தின் மேல் இருக்கும்போதே, பலகைக்குப் பக்கத்தில் நின்று, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்து, அவர் தன் இரண்டு கைகளையும் காதோரம் தூக்கினார். "என் பேரு பவுன்ராஜ். மேல நிக்கிறது என் றெக்கை. மடிஞ்சப்ப இப்படி இருந்திருக்கணும் கை. நான் இப்படிப் பண்ணேன்" என்று சொல்லி இரண்டு கையையும் இடுப்புவரை இழுத்துக் காட்டினார். "ஜெயக்கொடி என்னையத் தொடல. அவ ரெண்டு கையும் செல்பிக் குச்சியில இருந்துச்சு." ஏழு பேர் கேட்டார்கள். ஒருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். பஸ் வந்தது.

மறுநாளும் சொன்னார். அதற்கு மறுநாளும். பிச்சைமணி இந்தப் பக்கம் நின்று ஒரு கதை சொல்ல, பவுன்ராஜ் அந்தப் பக்கம் நின்று கையைத் தூக்கிக் காட்ட, வந்தவர்கள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு பேரையும் போட்டோ எடுத்தார்கள். "மாஸ்டரே, பொழப்பக் கெடுக்காதீங்க" என்றார் பிச்சைமணி. "கெடுத்தவந்தாம்ப்பா சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார் இவர். சிலர் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். மாணவர்கள் வருவது குறைந்தது. மஞ்சள் பட்டையை முதலில் ஷாஜி விட்டான், பிறகு இன்னொருவர், பிறகு யார் கட்டுகிறார்கள் யார் கட்டவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் குருவையாதான் முதலில் கவனித்தார். மஞ்சள் பிடிகள் நான்கு விரல் மேலே ஏறியிருந்தன. அவர் தென்னையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அதற்கு நேராகப் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பதறிக்கொண்டு கடைக்கு ஓடினார். ஊர் கூடியது. பவுன்ராஜ் வாயை மூடினால் பிடி நிற்குமா என்று பார்க்க ஒரு நாள் அவரை வீட்டிலேயே உட்காரச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. பத்து நாற்பதுக்கு நிறுத்தத்தில் நின்று கையைத் தூக்கினார்.

அவர் சொல்வதால் பிடி ஏறுகிறதா, சொன்னதை நம்புகிறவர்களால் ஏறுகிறதா என்று அந்த ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. கூட்டம் அதிகம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விரல்கூட ஏறாததும், மழையில் ஒரே ஒரு அம்மா குடையோடு நின்று கேட்டு, "ரெண்டு கையும் குச்சியில இருந்துச்சுன்னா அந்தப் புள்ள எப்படிய்யா இழுத்திருக்கும்?" என்று அவரைத் திருப்பிக் கேட்ட அன்று மூன்று விரல் ஏறியதும், பதிவில் இருக்கிறது. குருவையா தென்னை மரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

இருபதாம் நாளுக்குப் பிறகு பிச்சைமணிக்கு அலுத்துவிட்டது. மறுத்துப் பேச ஆள் இருக்கும் கதையைச் சொல்வது பெரிய பாடு. "கையி மாஸ்டரோடதுதான்னு அவரே சொல்றாரு சார், நமக்கென்ன" என்று முடிக்க ஆரம்பித்தார். அடுத்த வாரம் முதலிலிருந்தே அப்படித்தான் சொன்னார். அதற்கடுத்த வாரம், கதையில் பவுன்ராஜ் அலறினார், அம்மாவைக் கூப்பிட்டார்.

நாற்பத்தோராம் நாள், செப்டம்பர் 13, புதன்கிழமை. பத்து நாற்பதுக்குப் பஸ் வந்து நின்றது. படியில் நின்ற ஒரு கல்லூரிப் பெண், பிரேக் போட்ட வேகத்தில் தடுமாறி, கண்டக்டரின் பையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பை அறுந்துவிடும்போல் இருந்தது. "யம்மா, யம்மா" என்று கத்தினார் கண்டக்டர், "பவுன்ராஜ் பண்ணாதம்மா, கைய விடு!"

பஸ் முழுக்கச் சிரித்தது. பவுன்ராஜ் பலகைக்குப் பக்கத்தில், காதோரம் தூக்கிய கைகளோடு, இன்னும் ஒரு சொல்லும் ஆரம்பிக்காமல் நின்றார். முகம் சுட்டது, காது சுட்டது, சட்டை முதுகோடு ஒட்டியது, எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கையை இறக்க வேண்டும் போலிருந்தது. அவர் இறக்கவில்லை.

மேலே, நனைந்த ஜமுக்காளத்தை உதறுகிற சத்தம் கேட்டது. மஞ்சள் பிடிகள் இரண்டும் மேலே ஏறி உட்கார்ந்தன. இடப்பக்கம் முன்னால் பாய்ந்தது. வலப்பக்கத்து இருபத்திரண்டு அறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக, ஓரத்திலிருந்து, சிட்டுக்குருவிகள் தெறித்துப் பறக்க, நிரம்பின. இறக்கை ஒரு அரை வட்டம் அடித்து, காற்றை எதிர்த்துத் திரும்பி, அவர் பாடம் எடுக்கிற விதத்தில், இறங்கு மைதானத்தின் நடுவில் வந்து இறங்கி, முன்பக்கம் கவிழ்ந்து படுத்தது. நிறுத்தத்தில் நின்றவர்கள் மேல் வெயில் விழுந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. குருவையா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நிழற்குடை கேட்டு ஊர் மனுக் கொடுத்தது. அதில் நாற்பத்தாறு கையெழுத்து, பவுன்ராஜுடையது வேண்டாம் என்றார்கள். தகரப் பலகையைப் பிச்சைமணி கழற்றிக்கொண்டு போய் வீட்டில் கோழிக்கூண்டுக்குக் கதவு வைத்தார், எழுத்து உள்பக்கமாக. காசிமாயன் மட்டும் அன்று சாயந்தரம், கேட்காமலே, இரண்டாவது டீயில் சர்க்கரை கூடப் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நெசமாவே நீங்கதானா?" என்று கேட்டார். "நாந்தான் மாயா." காசிமாயன் காலியான முதல் கிளாஸை எடுத்துக்கொண்டார். "அப்ப அந்தச் சால்வையத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார்.

ஊரில் இப்போதும் அவசரப்பட்டு எதையாவது பிடித்து இழுப்பவர்களைப் பார்த்துப் பவுன்ராஜின் பெயரைத்தான் சொல்கிறார்கள். வாகனம் ஓட்டுகிறவர்களும் சொல்கிறார்கள், தோசை சுடுகிறவர்களும் சொல்கிறார்கள். டீக்கடையில் அது விழும்போது பவுன்ராஜ் குனிவதில்லை. டீ குடிக்கிறார்.

2024-ம் ஆண்டு பிப்ரவரி 10, சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு, பவுன்ராஜ் வெறும் வயிற்றோடு பக்கத்து ஊர் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். ரசீது மேசையில் வேறொரு பெண் ஒன்பதாம் எண் சீட்டைக் கொடுத்தாள். ஊசி குத்தும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். "கையைத் தளர்த்துங்க" என்றாள். தளர்த்தினார். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது, மூன்று மில்லி எடுத்தாள், பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பத்தாம் எண்ணைக் கூப்பிட்டாள். சர்க்கரை நூற்று நாற்பத்திரண்டு இருந்தது.